மீனாட்சி, கயல்விழி, அங்கயற்கண்ணி: பொருள் ஒன்று, எந்தப் பெயர் வைப்பது?

தம்பிக்குப் பெண் பிறந்து நாற்பது நாள் ஆகிறது. தொட்டிலில் போட்டுக் காதில் பெயர் சொல்வது எங்கள் வீட்டில் அத்தையின் உரிமை. அதனால் அது என் பொறுப்பு. போன வருடம் தவறிப்போன எங்கள் அம்மாவின் பெயர் மீனாட்சி. பேத்திக்கும் அதே பெயர்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். தம்பி மனைவிக்குத் தமிழ்ப் பெயராக வைக்க ஆசை. “கயல்விழின்னாலும் அதே அர்த்தம்தானே அண்ணி, அத்தை பேர்தானே அது” என்கிறாள். பெரியம்மா நடுவில் வந்து, “அங்கயற்கண்ணின்னு வைங்களேன், அம்மனோட தமிழ்ப் பேரே அதுதானே” என்றார். நாலைந்து நாளாக மூன்று பெயரையும் வாய்க்குள் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

பொருள் ஒன்றுதான். மூன்றுமே மீன் போன்ற கண்ணை உடையவள். வடமொழியில் ‘மீன’த்தோடு கண் என்று பொருள்படும் ‘அக்ஷி’ சேர்ந்தது மீனாக்ஷி. அது தமிழ் வாயில் மீனாட்சி ஆனது, காமாட்சி, விசாலாட்சி போல. ‘மீன் ஆட்சி’ என்று பிரித்துப் பாண்டியரின் மீன் கொடியோடு சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருந்தாலும், காமாட்சிக்கும் விசாலாட்சிக்கும் அந்தப் பிரிப்பு ஒத்துவராது. ‘மீன’ என்ற சொல்லே தென்னாட்டு மொழிகளிலிருந்து வடமொழிக்குப் போனது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. தம்பி மனைவியிடம் இதைச் சொன்னேன். “அப்போ பாதிப் பேர் தமிழா?” என்று கேட்டுக் கொஞ்சம் இளகினாள்.

கயல்விழியில் கயலும் விழியும் அப்படியே நிற்கின்றன. அங்கயற்கண்ணியில் அம், கயல், கண் மூன்றும் புணர்ந்து, ம் ங் ஆகி, ல் ற் ஆகிவிட்டது. அழகிய கயல் போன்ற கண்ணாள். ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் ஆலவாயில், அதாவது மதுரையில், அம்மனை இந்தப் பெயர் சொல்லித்தான் பாடினார். மதுரைக்காரர்களான எங்களுக்கு அதைவிடப் பெரிய சிபாரிசு வேண்டாம். மூன்றிலும் எனக்கு மனசு நிறைந்த பெயர் அதுதான், ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஆனால் முழுப் பெயரை யார் கூப்பிடுகிறார்கள்? அது சான்றிதழில் இருக்கும், கல்யாணப் பத்திரிகையில் இருக்கும். நாளெல்லாம் வாயில் புழங்குவது சுருக்கம்தான். அங்கயற்கண்ணியைச் சுருக்கிப் பார்த்தேன். ‘அங்கை’ என்றால் உள்ளங்கை. ‘கண்ணி’க்குப் பழைய தமிழில் தலையில் சூடும் பூமாலை என்று அருமையான பொருள் இருக்கிறது, இன்றைய பள்ளிக்கூடத்தில் அது பறவை பிடிக்கும் கண்ணி, இல்லையென்றால் கண்ணிவெடி. பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள். நடுவில் இருக்கும் கயலை எடுக்கலாம் என்றாலோ, அது அங்கே ‘கயற்’ என்று உருமாறிக் கிடக்கிறது. இவ்வளவு நல்ல பெயருக்கு வாயில் நிற்கும் சுருக்கம் ஒன்று அமையாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கயல்விழிக்கு அந்தக் குறை இல்லை. கயல் தனியாகவே ஒரு முழுப் பெயர் மாதிரி நிற்கிறது. ஒன்று மட்டும் கவனித்தேன். மொட்டை மாடியில் நின்று தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட்டுப் பார்த்தேன். ல் என்று முடிகிற பெயரை இழுக்க முடியவில்லை, தானாக ‘கயலூ’ என்றுதான் வந்தது. ஆக வீட்டில் அவள் கயலுதான். முழுப் பெயரில் இருக்கும் ழகரமும் சின்னக் கவலை. எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு ழ வராது, ‘கயல்விளி’ என்பார்கள். விளி என்றால் அழைப்பு என்று ஒரு பொருள், சாவு என்று இன்னொரு பொருள். தமிழ் தெரியாதவர்கள் ஆங்கில எழுத்தைப் பார்த்து எப்படிப் படிப்பார்களோ, அது வேறு.

மீனாட்சிக்கும் எழுத்துச் சிக்கல் உண்டு. அம்மாவுக்கு வங்கிக் கணக்கில் ஆங்கிலத்தில் ‘க்ஷி’யாகவும் குடும்ப அட்டையில் ‘ட்சி’யாகவும் எழுதிவிட்டார்கள். ஓய்வூதியத்துக்கு நடையாய் நடந்தோம், இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதிக் கொடுக்க. எந்தப் பெயர் வைத்தாலும் ஆங்கில எழுத்தை முதல் நாளே முடிவு செய்து, எல்லாத் தாளிலும் அதையே எழுதச் சொல்லித் தம்பியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். பிறப்பைப் பதிந்தாயிற்று, அதற்கு 21 நாள்தான். பெயரைச் சேர்க்க ஓராண்டு வரை கட்டணம் இல்லை. பிறகு மாற்றுவதென்றால் அரசிதழ் வரை போக வேண்டும்.

சுருக்கத்தில் மீனாட்சியை அடிக்க ஆளில்லை. மீனா, மீனு, செட்டிநாட்டுப் பக்கம் மீனாள். பெரியம்மாவுக்குத் தன் தங்கை கடைசி வரை ‘மீனாச்சி’. மாடியில் நின்று ‘மீனா’ என்று கூப்பிட்டால் குரல் எவ்வளவு தூரமும் போகிறது.

இப்போது தம்பி மனைவியின் வாதத்துக்கு வருகிறேன். பெயரை மொழிபெயர்ப்பது நம் ஊரில் புதிதல்ல. சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற்கலைஞர் ஆனார். வேதாசலம் மறைமலை ஆனார். ஆனால் அவர்கள் மாற்றியது தங்கள் பெயரை. அம்மாவிடம் நாம் கேட்கவில்லை, இனிக் கேட்கவும் முடியாது. பேத்தி என்ற சொல்லே பெயர்த்தியிலிருந்து வந்தது. பாட்டியின் பெயரைச் சுமப்பவள். சுமப்பது பொருளை அல்ல, ஒலியை என்று நினைக்கிறேன். பெரியம்மா முன்னால் ‘கயல்விழி’ என்று கூப்பிட்டால் அவருக்குத் தங்கை நினைவு வருமா? ‘மீனாச்சி’ என்றால் கண் கலங்கிவிடும்.

ஆனால் அவள் மனதில் இன்னொன்றும் இருந்தது, முந்தாநாள்தான் சொன்னாள். “அத்தை பேரைச் சொல்லி வாடி போடின்னு எப்படி அண்ணி கூப்பிடுவேன்? கோபத்துல ஒரு வார்த்தை திட்டக்கூட வாய் வராதே.” இது நியாயம். மாமியார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்று இருந்த வீடுகளில் பாப்பா, அம்மு, தங்கம் என்று வேறு கூப்பிடு பெயர் வைத்தது இதற்காகத்தான். அந்த இடத்துக்குக் கயலைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? மீனாட்சியிலிருந்து வெட்டி எடுத்த சுருக்கம் இல்லை அது. ஆனாலும் அதே மீன், அதே கண். அம்மு என்று வைத்தால் அந்தத் தொடர்பு வராது.

சான்றிதழில் மீனாட்சி, வீட்டில் கயல் என்றேன். அப்பா இரண்டு தடவை ‘கயலு’ என்று சொல்லிப் பார்த்தார். ஒன்றும் மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொட்டில். மூன்று முறை மீனாட்சி என்று காதில் சொல்வேன். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்துவிட்டுப் பெரியம்மா மடியில் போடுவதாக இருக்கிறேன், அவர்தான் முதலில் ‘மீனாச்சி’ என்று கூப்பிட வேண்டும்.