பேஸ்மென்ட் பூஞ்சணத்துக்குப் "புகை அடிக்கும்" ஆட்கள்: ஸ்காபரோவில் வீடு வைத்திருப்பவர்கள் கவனம்

2024 ஜூலை 16 மழையை ரொறன்ரோக்காரர் மறந்திருக்கமாட்டீர்கள். சில மணித்தியாலங்களில் 100 மில்லிமீற்றருக்குக் கிட்டக் கொட்டியது, டொன் வலி பார்க்வே நெடுஞ்சாலை ஆறாக ஓடியது. எங்கள் பேஸ்மென்டில் வெள்ளம் நிற்கவில்லை. மாமி படுக்கும் அறையில் சுவரோரம் கார்ப்பெற் நனைந்தது, காய்ந்தது, ஆனால் மக்கல் மணம் மட்டும் போகவில்லை. இலையுதிர் காலத்தில் கட்டிலுக்குப் பின்னால் கரும்பச்சைப் புள்ளிகள். மாமிக்கு ஏற்கனவே முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா. இரவெல்லாம் இருமல், பம்ப் அடிக்காமல் மேலே ஏறி வரமாட்டார்.

"இலவசப் பூஞ்சணப் பரிசோதனை" விளம்பரம் ஒன்றைப் பார்த்துக் கூப்பிட்டோம். வந்தவர் நல்ல தமிழில் கதைத்தார். சாப்பாட்டு மேசையில் ஒரு வட்டத் தட்டைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்துவிட்டு மூடி எடுத்துப்போனார். பிறகு வாட்ஸ்அப்பில் படம் வந்தது: தட்டு நிறையக் கறுப்பு. "இது நச்சு மோல்ட் (பூஞ்சணம்), அண்ணை. அம்மாவை அங்கே படுக்க விட்டால் மூளையைப் பாதிக்கும்."

தட்டு வித்தை இதுதான். பூஞ்சண வித்து வீட்டுக்குள்ளும் வெளியிலும் எங்கும் பறக்கிறது. எந்த வீட்டில் திறந்து வைத்தாலும் அந்தத் தட்டில் ஏதாவது முளைக்கும். காற்றுப் பரிசோதனையை வைத்து உடல்நல ஆபத்தைக் கணிக்க முடியாது, எந்த இனப் பூஞ்சணமானாலும் ஈரத்தை நிறுத்திப் பூஞ்சணத்தை அகற்றுங்கள் என்று கனடா சுகாதாரத் துறையே சொல்கிறது. மூளைக் கதையும் நிரூபிக்கப்பட்டதல்ல. இருமல், இழுப்பு, ஆஸ்துமா கூடுவது உண்மை, உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே எழுதி வைத்திருக்கிறது. மாமியின் வைத்தியரும் அதைத்தான் சொன்னார். அதுவே போதாதா, மூளையை ஏன் இழுக்கவேண்டும்?

சரி, சுவருக்கு அவர் செய்த வைத்தியத்துக்கு வருவோம். மருந்துப் புகை அடித்து, மேலே "மோல்ட் வராத" வெள்ளைப் பெயின்ட். 2,900 டொலர், காசாகத் தந்தால் எச்எஸ்டி விற்பனை வரி வேண்டாமாம். மறுநாளே வேலை, கையில் ஒரு துண்டுக் காகிதம் தரவில்லை. "சுவரைத் திறந்து பார்க்கமாட்டீர்களா?" என்று மனைவி கேட்டார். "தேவையில்லை அக்கா, புகை உள்ளுக்குப் போகும்." வந்ததிலிருந்து போகும்வரை தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அந்த மனிதர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. செத்த பூஞ்சணமும் ஒவ்வாமை தரும் என்பதையும் சொல்லவில்லை.

பனி உருகியதும் பெயின்டுக்கு மேலாலேயே புள்ளிகள் வந்துவிட்டன.

அடுத்து வந்தவர் வயதான போர்த்துக்கேயர், அதிகம் பேசமாட்டார். சுவர் அட்டையைக் கீழிருந்து நாலடிக்கு வெட்டினார். உள்ளே குளிர் தடுக்க வைத்த பஞ்சு, பிழிந்தால் தண்ணீர் வரும் அளவுக்கு ஊறியிருந்தது, அட்டையின் பின்பக்கம் முழுக்கக் கறுப்பு. கொங்கிறீற்றில் மேலிருந்து கீழாக முடியளவு வெடிப்பு, அதன் இரு கரையிலும் வெள்ளை உப்பு. வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். நேர் மேலே பீலிக் குழாய் கழன்று, கூரைத் தண்ணீர் முழுவதும் அத்திவாரத்தோடு ஊற்றிக்கொண்டிருந்தது. வெடிப்புக்குள் அதை அடைக்கும் பொலியூறதேன் செலுத்தி, குழாயை ஆறடி தள்ளி நீட்டினார். புது அட்டையோடு சேர்த்தும் புகைக்காரர் வாங்கியதைவிடக் குறைவு.

அவர் சொல்லித்தந்த சோதனைக்குச் செலவே இல்லை. வெறும் கொங்கிறீற் சுவரில் ஒரு பிளாஸ்டிக் துண்டை நான்கு பக்கமும் ஒட்டு நாடாவால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பிளாஸ்டிக்கின் பின்னால் நீர் என்றால் சுவருக்குள்ளால் கசிகிறது. முன்னால் என்றால் அறைக் காற்றின் ஈரம், அதற்கு ஈரம் உறிஞ்சும் டிஹியுமிடிஃபயர் வைத்து ஈரப்பதனை 50 வீதத்துக்குக் கீழே பிடித்தால் போதும்.

புகைக்காரருக்கு அழைத்தேன். "எங்கள் உத்தரவாதம் காற்றுக்குத்தான் அண்ணை, சுவருக்கு இல்லை" என்றார். ஒன்ராறியோவில் வீட்டில் வைத்துச் செய்யும் இப்படியான ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கிடைத்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். முறையான பிரதியே தராவிட்டால் ஒரு வருடம்வரை நேரமிருக்கிறது. அந்த வருடம் முடியும் முன்பே பதிவுத் தபாலில் ரத்துக் கடிதம் போட்டேன். "2,900 கிடைத்தது, நன்றி அண்ணை" என்று அவரே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியின் படத்தையும் கூட வைத்தேன்.