கிண்டியா, திருச்சி என்ஐடியா: பொறியியல் சேர்க்கைக்கு முன் எடைபோட வேண்டியவை

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்ணும் ஜேஇஇ மெயின் என்ற தேசியப் பொறியியல் நுழைவுத் தேர்வில் ஓரளவு நல்ல தரவரிசையும் சேர்ந்து அமைந்துவிட்ட மாணவரின் வீட்டில், ஒவ்வோர் ஆண்டும் கோடைக்காலத்தில் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வருகிறது: அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்வதா, திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் (என்ஐடி) சேர்வதா? ஐஐடியில் விரும்பிய பிரிவு கிடைத்தவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. அதற்கு அடுத்த நிலையில் நிற்கும் பெரும்பாலான தமிழக மாணவர்களுக்கு இவ்விரண்டுமே உச்சம். என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் பெற்றோர் பலரும் 'எது பெரிய பெயர்?' என்றே தொடங்குகிறார்கள். எந்தக் கல்லூரி, யாருக்கு, எந்தப் பிரிவில் என்று சேர்த்துக் கேட்டால்தான் பயனுள்ள விடை கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

கிண்டி கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகப் பிறந்தது. 1920இல் இப்போதைய வளாகத்துக்கு இடம் பெயர்ந்தது. 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது அதன் மைய உறுப்பாயிற்று. திருச்சி என்ஐடி 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2003இல் இன்றைய பெயரைப் பெற்றது. நாட்டின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவரான அ. லலிதா கிண்டியில் படித்தவர். டாடா சன்ஸ் தலைவர் ந. சந்திரசேகரனும் டாடா ஸ்டீல் தலைமைச் செயல் அதிகாரி டி.வி. நரேந்திரனும் திருச்சியில் படித்தவர்கள். பழைய மாணவர் பெருமையில் ஒன்றை மற்றொன்று விஞ்சிவிட்டதாகச் சொல்ல இடமில்லை. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் பொறியியல் தரவரிசைப் பட்டியலில் திருச்சி சில ஆண்டுகளாகத் தொடர்ந்து முதல் பத்து இடங்களுக்குள் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் அதற்குச் சற்றுப் பின்னே வருகிறது. ஆனால் அந்தத் தரவரிசை பல்கலைக்கழகம் முழுமைக்கும் தரப்படுவது, கிண்டி வளாகத்துக்கு மட்டும் தரப்படுவதன்று என்பதை மறந்துவிடக் கூடாது.

உண்மையான வேறுபாடு, உள்ளே நுழையும் வாசலிலேயே தொடங்குகிறது. தமிழக அரசு பொறியியலுக்கான நுழைவுத் தேர்வை 2007இல் நீக்கிய பிறகு, கிண்டியில் இடம் பெற பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் அடிப்படையில் கலந்தாய்வு நடக்கிறது. பயிற்சி மையத்துக்குச் செலவழிக்க முடியாத சிற்றூர் மாணவருக்கு இது பெரிய வரம். அதே வேளையில் இந்த முறையில் தவறுக்கு இடமே இல்லை என்பதும் உண்மை. கணினி அறிவியல் போன்ற பிரிவுகளுக்குப் போட்டி உச்ச மதிப்பெண்களுக்கிடையே நடப்பதால், அரை மதிப்பெண் குறைந்தாலும் தரவரிசை வெகுவாகச் சரிந்துவிடும். திருச்சியிலோ ஜேஇஇ மெயின் தரவரிசைதான் அளவுகோல். அந்தத் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு வாய்ப்புகள் உண்டு. இரண்டில் சிறந்த மதிப்பெண் கணக்கில் கொள்ளப்படும். ஆனால் அதன் வினா அமைப்புக்குப் பழக இரண்டு ஆண்டு உழைப்பும், பெரும்பாலும் பணமும் தேவைப்படுகின்றன.

திருச்சியின் இடங்களில் பாதி தமிழகத்துக்கென ஒதுக்கப்பட்டவை. எந்த மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு தேர்ச்சி பெற்றாரோ அதுவே மாணவரின் சொந்த மாநிலமாகக் கொள்ளப்படுகிறது. தந்தையின் பணி காரணமாக பெங்களூரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தமிழ் மாணவர், திருச்சியில் வெளிமாநிலத்தவராகவே போட்டியிட வேண்டும். கிண்டிக்கோ எட்டாம் வகுப்பு முதல் தமிழகத்திலேயே படித்தவர்களும், வெளியே படித்திருந்தாலும் இருப்பிடச் சான்று வைத்திருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம்.

இட ஒதுக்கீட்டில்தான் பல குடும்பங்களின் கணக்கு பிழையாகிறது. கிண்டியில் தமிழகத்தின் 69 விழுக்காட்டு ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது: பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, அவ்வகுப்பு முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் சாதியினருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. வசதி படைத்தோரை ஒதுக்கீட்டிலிருந்து விலக்கும் கிரீமி லேயர் என்ற வடிகட்டல் இதில் கிடையாது. திருச்சியில் மத்திய அரசின் விதிப்படி இதர பிற்படுத்தப்பட்டோருக்கு (ஓபிசி) 27, பட்டியல் சாதிக்கு 15, பழங்குடிக்கு 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவினருக்கு 10 விழுக்காடு. ஓபிசி பலன் கிரீமி லேயருக்குள் வராதவர்களுக்கு மட்டுமே. ஆகவே, கிண்டியில் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் எளிதாக நுழையும் ஒரு தொழில்முனைவோரின் மகள், திருச்சியில் பொதுப்பிரிவில் நிற்க நேரலாம். தமிழகப் பட்டியலில் உள்ள சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்பதையும் தனியே பார்க்க வேண்டும். மறுபுறம், 2018 முதல் என்ஐடிகளில் பெண்களுக்கெனக் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டிருப்பதால், ஒரே தரவரிசையில் ஆணுக்குக் கிடைக்காத பிரிவு பெண்ணுக்குக் கிடைக்க வாய்ப்புண்டு.

செலவைப் பொறுத்தவரை ஒப்பீடு ஒருபக்கமாகவே சாய்கிறது. திருச்சியில் 2016 முதல் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 1,25,000 ரூபாய். கிண்டியின் கல்விக் கட்டணம் அதில் ஒரு சிறு பங்கே. ஆயினும், திருச்சியில் பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறன் மாணவர்களுக்கும், ஆண்டு வருமானம் 1 இலட்சத்துக்குக் கீழுள்ள குடும்பத்தினருக்கும் கல்விக் கட்டணம் முழுமையாகத் தள்ளுபடி. 1 முதல் 5 இலட்சம் வரை வருமானமுள்ளோருக்கு மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. ஆகவே மிக ஏழைக் குடும்பங்களைவிட, நடுத்தரக் குடும்பங்களுக்கே திருச்சியின் கட்டணம் சுமையாகிறது. கிண்டியிலோ அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 2021இல் வந்த 7.5 விழுக்காட்டு முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. அவர்களின் கல்வி, விடுதிக் கட்டணங்களைத் தமிழக அரசே ஏற்கிறது. அந்த ஒதுக்கீட்டில் கிண்டி கிடைக்கும் மாணவர் வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை என்றே நான் சொல்வேன்.

வளாக வாழ்க்கையில் இரண்டும் முற்றிலும் வேறு உலகங்கள். துவாக்குடியில் பெல் நிறுவனத்தின் அருகே ஏறத்தாழ 800 ஏக்கரில் பரந்துள்ள என்ஐடியில் பெரும்பாலோர் விடுதியிலேயே தங்கிப் படிக்கிறார்கள். அறைத் தோழர் ராஜஸ்தானிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். தமிழ்வழியில் படித்து வந்த மாணவருக்கு முதல் பருவம் மிகக் கடினமாகவே இருக்கும். ஆனால் நான்கு ஆண்டு முடிவில் எந்த ஊரிலும் எவருடனும் பேசிப் பழகும் துணிவு தானாக வந்துவிடுகிறது. கிண்டியில் தமிழ் மாணவர்களே மிகப் பெரும்பான்மை. கட்டடவியலையும் இயந்திரவியலையும் 2010 முதல் தமிழ்வழியிலேயே படிக்கும் வாய்ப்பும் இங்கு உண்டு. சென்னையில் வீடுள்ளவர்கள் நாள்தோறும் வந்துபோகிறார்கள். கோட்டூர்புரத்தின் அண்ணா நூற்றாண்டு நூலகமும் நகரின் நிறுவனங்களும் எட்டும் தொலைவில் இருக்கின்றன. பயிற்சிப்பணிக்கு நகரம் தரும் வசதியைத் துவாக்குடி தர முடியாது.

கிண்டியின் ஒரு குறையைத் திறந்தே சொல்ல வேண்டும். மாநிலமெங்கும் உள்ள நூற்றுக்கணக்கான இணைப்புக் கல்லூரிகளின் பட்டமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே வருகிறது. தமிழகத்துக்கு வெளியே நேர்காணலுக்குச் செல்பவர், தாம் படித்தது பல்கலைக்கழகத்தின் மைய வளாகம் என்பதை ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. என்ஐடி என்ற மூன்றெழுத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. வேலைவாய்ப்பில் முன்னணி நிறுவனங்கள் இரண்டு வளாகங்களுக்கும் வருகின்றன. அங்கு பிரிவுக்குப் பிரிவு உள்ள இடைவெளி, கல்லூரிக்குக் கல்லூரி உள்ள இடைவெளியைவிடப் பெரியது.

இனி என் தீர்ப்பு. ஒரே பிரிவு இரண்டிலும் கிடைத்து, குடும்பத்தால் செலவைத் தாங்க முடியும் என்றால், நான் திருச்சியையே பரிந்துரைப்பேன். பிற மாநிலத்தவரோடு சேர்ந்து வளரும் அனுபவம் அந்தக் கூடுதல் கட்டணத்துக்குத் தகுதியானது. மாணவர் உளமாற விரும்பும் பிரிவு கிண்டியில் கிடைத்து, திருச்சியில் விருப்பமில்லாத ஒன்றுதான் கிடைக்கிறது என்றால், தயங்காமல் கிண்டிக்குப் போகலாம். மின்னணுவியலில் ஆர்வமுள்ள பிள்ளையை என்ஐடி என்ற பெயருக்காக உலோகவியலில் சேர்ப்பது நான்கு ஆண்டுக் கால வேதனை. உலோகவியலையே விரும்பும் மாணவருக்கோ, திருச்சியைவிட நல்ல இடம் தமிழகத்தில் அதிகம் இல்லை.

நடைமுறையில் ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. பல ஆண்டுகளில் என்ஐடிக்கான ஜோசா கலந்தாய்வு முந்திக்கொள்கிறது. கிண்டியில் எந்தப் பிரிவு கிடைக்கும் என்று தெரியுமுன்பே திருச்சி இடத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். எனவே தமிழகக் கலந்தாய்வின் முந்தைய ஆண்டுக் கட்-ஆஃப் விவரங்களைத் தம் பிரிவுக்கும் சமூகத்துக்கும் உரியவாறு எடுத்து வைத்துக்கொண்டு, ஜோசாவில் எந்தச் சுற்றுவரை இடத்தை விட்டு விலகினால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும் என்பதையும் அந்த ஆண்டு அறிவிப்பில் படித்துக் குறித்துக்கொண்ட பிறகே, விருப்பப் பட்டியலை நிரப்ப உட்கார வேண்டும்.