விடுதி வைஃபையா, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டா, சுவர்க் கேபிளா?

"இலவச வைஃபை" என்ற வரியைப் பார்த்து அறை எடுப்பவர்களுக்கு, ஒரே இணைப்பை எத்தனை அறைகள் பங்கிட்டுக்கொள்கின்றன என்பது இரவில்தான் தெரியவருகிறது. கும்பகோணத்தில் நான் தங்கிய ஒரு விடுதியில் பிற்பகல் நொடிக்கு 40 மெகாபிட் காட்டிய வேகம் இரவு 9 மணிக்கு 2 மெகாபிட்டாகச் சுருங்கியது. பதிவேற்றம் அரை மெகாபிட்டைக்கூடத் தாண்டவில்லை. ரவுட்டர் மாடிப்படிக்கு மேலே இருந்ததால், கதவைத் திறந்து வைத்து, வாசலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டுதான் அலுவலகக் கூட்டத்தில் பேச முடிந்தது.

இதற்கு ஆள்கூட்டம் மட்டும் காரணமன்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவர்களைக் கடந்து ஓரளவு வரும் என்றாலும், ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (அலைவரிசையின் உட்பிரிவுகள்) அதில் 1, 6, 11 என மூன்றே உள்ளதால், விடுதிகள் நெருக்கியடித்து நிற்கும் கோயில் தெருக்களில் அவற்றின் வைஃபை அலைகள் ஒன்றையொன்று இடறுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர்களைத் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும்.

தனியாகப் பயணம் செய்பவருக்குக் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டே மேல் என்பது என் கருத்து. ஓ.டி.பி. கேட்டு நிற்கும் உள்நுழைவுப் பக்கம் இல்லை, பக்கத்து அறையின் பதிவிறக்கமும் நம்மைத் தொடாது. ஆயினும், தெளிவான காணொளி அழைப்பு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1 ஜி.பி. தின்னும் என்பதால், நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. தரும் திட்டம் ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்து, வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும். காஷ்மீருக்குப் போகிறவர்களோ, பிற மாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது என்பதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

விருந்தினரின் ஹாட்ஸ்பாட்டை விடுதியே முடக்கிய வழக்கும் உண்டு. அமெரிக்காவின் நாஷ்வில் நகர மாநாட்டு விடுதியில் அவ்வாறு செய்ததற்காக மாரியட் நிறுவனம் 2014-இல் 6 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. தன் சொந்தப் பணத்தில் வாங்கிய இணைப்பைப் பயன்படுத்துவது விருந்தினரின் உரிமை என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

மூன்றாவது வழியைப் பலரும் மறந்துவிட்டனர். பழைய வணிக விடுதிகளில் மேசைக்குப் பின்னால், இணையக் கேபிளைச் செருகும் தூசி படிந்த லேன் துளை ஒன்று இன்றும் இருக்கும், கேபிளும் அதை மடிக்கணினியில் இணைக்கும் யு.எஸ்.பி. அடாப்டரும் பையில் இருந்தால், நீண்ட நேர வேலைக்கு அதுபோல் நிலையானது வேறில்லை. அது அலைவரிசைத் தொல்லையை மட்டுமே நீக்கும், கட்டடத்துக்கு வரும் இணைப்பே மெலிந்ததென்றால் கேபிளாலும் பயனில்லை.

ஆகவே, முன்பணம் கட்டுவதற்கு முன் விடுதியைத் தொலைபேசியில் அழைத்து, இரவு 9 மணிக்கு அறைக்குள் பதிவேற்ற வேகம் எவ்வளவு, லேன் துளை வேலை செய்கிறதா என்ற இரண்டையும் கேளுங்கள். அறைக்குப் போனதும், பெட்டியைப் பிரிக்கும் முன்பே கட்டிலருகே வேகத்தைச் சோதித்துவிட்டால், அறையை மாற்றித் தரக் கேட்பது எளிது.