கோட் இல்லை, ஆனாலும் இஞ்சின் விளக்கு எரிகிறது: சிங்கப்பூர் ஒர்க்‌ஷாப் அனுபவம்

பெர்த்திலிருந்து இந்த முறை ஊருக்கு வந்தபோது பாஸ்போர்ட், வங்கி, பல் மருத்துவர் எல்லாம் சிரமமில்லாமல் முடிந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சித்தப்பாவின் கார் விஷயம்தான் விரிவாக எழுத வேண்டியது.

காருக்கு எட்டு வயது தாண்டிவிட்டது. சிஓஇயின் (கார் வைத்திருக்க ஏலத்தில் வாங்கும் உரிமைச் சான்றிதழ்) 10 ஆண்டும் முடியும்வரை ஓட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. இங்கே கார் வைத்திருப்பவர்களுக்கு அதில் எவ்வளவு பணம் அடங்கியிருக்கிறது என்று தெரியும். மஞ்சள் இஞ்சின் விளக்கு திடீரென்று எரியும், அடுத்த நாள் ஸ்டார்ட் செய்தால் இருக்காது. ஓட்டும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் வாகனச் சோதனைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூரில் ஒரு கல்யாணம் வேறு. துவாஸ் பாலத்தில் வண்டி நின்றுவிடுமோ என்று சித்தி பயந்துகொண்டே இருந்தார்.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். காரின் கம்ப்யூட்டரில் பதிவாகும் பழுதுக் குறியீடுகளை, அதாவது ‘கோட்’களைப் படிக்கும் கையடக்க ஸ்கேனரை மாட்டினார்கள். “கோட் எதுவும் இல்லை. ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிப் பார்க்கலாம்” என்றார்கள். கோடே இல்லாதபோது அந்த சென்சார்தான் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். “இந்த வயசு வண்டிக்குப் பொதுவா அதுதான்” என்பதுதான் பதில். பல நூறு வெள்ளி (டாலர்) செலவை இப்படி ஊகத்தில் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம் சித்தப்பாவின் நண்பர் சொல்லி காக்கி புக்கிட்டில் இன்னோர் இடத்துக்குப் போனோம். அங்கே வண்டியைப் பார்த்தவர் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வரும் தமிழர். ஸ்கேனரைத் தொடும் முன்பே கேள்விகளைத் தொடங்கிவிட்டார். “அங்கிள், விளக்கு மினுக்குதா, இல்ல அப்படியே எரியுதா?” மினுக்கினால் சிலிண்டரில் தீப்பொறி தவறுகிறது, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெட்டுவிடும், உடனே ஓட்டுவதைக் குறைக்க வேண்டும் என்று விளக்கினார். இது அப்படியே எரியும் வகை. அடுத்த கேள்வி, “சமீபத்தில பேட்டரி மாத்தினீங்களா?” ஆமாம், சில வாரங்களுக்கு முன் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) கார்நிறுத்துமிடத்திலேயே ஆள் வரவழைத்து மாற்றியிருந்தார்.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். சின்ன ஸ்கேனர் பெரும்பாலும் இஞ்சின் கம்ப்யூட்டரை மட்டும்தான் கேட்கும். ஆனால் காரில் ஏபிஎஸ் (பிரேக்), கியர்பாக்ஸ், டேஷ்போர்டு என்று பல கம்ப்யூட்டர்கள் ஒரே வயர் இணைப்பில் பேசிக்கொள்கின்றன. இஞ்சின் கம்ப்யூட்டருக்கு ஒரு கணம் மின்சாரம் தடைபட்டால், தனக்கு என்ன ஆனது என்று அதற்கே தெரியாது. டேஷ்போர்டு மட்டும், இஞ்சினிடமிருந்து செய்தி வரவில்லை என்று தானாகவே விளக்கைப் போட்டுவிடும். இஞ்சினைக் கேட்டால் கோட் இருக்காது.

காருக்குரிய பெரிய ஸ்கேனரில் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏபிஎஸ்ஸில் பழைய பதிவாக யூ0100 இருந்தது: இஞ்சின் கம்ப்யூட்டருடன் தொடர்பு அறுந்தது என்று அர்த்தம். இஞ்சின் பக்கம், விளக்கைப் போடச் சொன்னதாகவே பதிவில்லை.

அதோடு நிறுத்தியிருந்தாலும் கட்டணம் வாங்கியிருக்கலாம். அவர் ஏர்கானையும் ஹெட்லைட்டையும் போட்டு இஞ்சினை ஓடவிட்டு, மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இஞ்சின் கம்ப்யூட்டரின் எர்த் வயரிலும் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) வைத்தார். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் அதைவிடப் பல மடங்கு காட்டியது, எண்ணும் நிலையாக நிற்காமல் துள்ளியது. பேட்டரித் தட்டைக் கழற்றினால், எர்த் வயரை பாடியில் பிடித்திருக்கும் போல்ட் கையால் அசைத்தாலே ஆடியது, சுற்றிலும் பச்சை படிந்திருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து, இறுக்கி, மறுபடி அளந்தார். எண் கீழே இறங்கிவிட்டது. சித்தப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து வண்டிக்காரரிடம் காட்டுவது.

பாகம் எதுவும் மாற்றவில்லை. சோதனைக் கட்டணமும் வேலைக்கூலியும் மட்டும். சென்சாருக்குச் சொன்ன விலையில் பாதிகூட இல்லை. பழைய பதிவுகளைக் குறித்துக்கொண்ட பிறகே அழித்தார். அழித்ததால் இஞ்சினின் சுயசோதனைகள் எல்லாம் முதலிலிருந்து ஓடி முடிய வேண்டும், சில நாள் சாதாரணமாக ஓட்டிவிட்டு வாருங்கள், மறுபடி பார்த்துச் சொல்கிறேன், அதற்குக் காசு வேண்டாம் என்றார். கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய பிறகு சித்தப்பா போனார். எல்லாக் கம்ப்யூட்டரும் சுத்தம், யூ0100 திரும்பவில்லை.

போகிறவர்களுக்கு ஒன்று: காலையிலேயே போய்விடுங்கள். அளந்து பார்ப்பதற்கு நேரம் எடுக்கிறார், மதியத்துக்கு மேல் வரும் வண்டியை அடுத்த நாளுக்குத் தள்ளிவிடுகிறார்.