குட்டிப் பூனைக்குத் தீராத கழிச்சல்: கையிலிருக்கும் பணத்தை முதலில் எதில் போடுவது?

எங்கள் தெருவில் நிறுத்தியிருந்த ஆட்டோவுக்கு அடியிலிருந்து தூக்கி வந்த கறுப்புப் பெண்குட்டிக்கு மிளகு என்று பெயர் வைத்த அன்றைக்கே அதற்குக் கழிச்சல் இருப்பது தெரிந்துவிட்டது. அப்போது அதற்கு ஏறக்குறைய ஏழு வாரம் இருக்கும் என்று மருத்துவர் பல்லைப் பார்த்துச் சொன்னார். சமையலறைத் தராசில் வைத்தால் 610 கிராம் காட்டியது. அந்தக் கழிச்சல் ஐந்து வாரம் நீடித்தது. வீட்டு வாடகையும் அம்மாவின் மருந்துச் செலவும் போக, பூனைக்கென்று மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் என்னால் ஒதுக்க முடியாது. அந்தத் தொகைக்குள் என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: உணவை மாற்றிப் பார்ப்பது, பக்கத்துத் தனியார் மருத்துவரிடம் காட்டி அவர் தரும் மருந்துகளைக் கொடுப்பது, மலத்தைப் பரிசோதித்துக் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு மருந்துக்குப் போவது. நான் இதே வரிசையில்தான் மூன்றையும் செய்தேன். இப்போது இன்னொரு குட்டி இப்படி வந்தால் மூன்றாவதைத்தான் முதலில் செய்வேன்.

ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். குட்டி வாந்தியும் எடுக்கிறது, இரண்டு வேளையாக எதையும் தொடவில்லை, மலத்தில் ரத்தம் தெரிகிறது, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் படியாமல் மடிந்தே நிற்கிறது என்றால் இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. கடன் வாங்கியாவது பக்கத்தில் திறந்திருக்கும் மருத்துவரிடம் உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டும். தடுப்பூசி போடாத குட்டிகளைக் கொல்லும் பான்லூக்கோபீனியா வைரஸும் இதே அறிகுறிகளோடுதான் வரும், அது நாள் கணக்கில் காத்திருக்காது. நான் பேசுவது அதைப் பற்றி அல்ல. நன்றாகத் தின்று, துள்ளி விளையாடி, ஆனாலும் வாரக் கணக்கில் கூழாகவே கழிந்து, எடை மட்டும் ஏறாமல் நிற்கும் குட்டியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

முதலில் உணவு. பால் கொடுப்பதை நிறுத்துவது எல்லோரும் சொல்வது, சரியானதும்கூட. தாய்ப்பால் மறக்கும் வயதைத் தாண்டிய குட்டிகளின் குடலில் பசும்பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துகொண்டே போகிறது. பாலை நிறுத்தியபோது மிளகின் மலம் சற்றே கெட்டியானது, நான்காம் நாள் பழையபடி ஆனது. பிறகு உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறியைப் பிய்த்து, குழைந்த சோறு ஒரு பிடி சேர்த்துக் கொடுத்தேன். சில நாள்களுக்கு இது நல்ல உணவுதான், மலிவும்கூட. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை என்பதால், வீட்டுக் குழம்பில் கிடந்த கறியைக் கழுவிக் கொடுப்பது மட்டும் கூடாது. ஆனால் கோழியும் சோறும் வளரும் குட்டிக்கு வாரக் கணக்கில் போதுமான உணவு அல்ல. எலும்பில்லாத கறியில் கால்சியம் மிகக் குறைவு, அதை மட்டுமே தின்று வளரும் குட்டியின் எலும்பு மெலிந்து சாதாரணமாகக் குதிக்கும்போதே முறியக்கூடும். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் தனக்குத் தேவையான அளவு தானே தயாரித்துக்கொள்ளாது. அது நீண்ட காலம் குறைந்தால் கண்பார்வையும் இதயமும் கெடும். கடையில் விற்கும் குட்டி உணவுகளில் இவை இரண்டும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. குடல் நோய்க்கென்றே தயாரிக்கப்படும் மருத்துவ உணவு ஒரு பொட்டலம் வாங்கினேன். சாதாரணக் குட்டி உணவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் விலை. மலத்தின் நாற்றம் குறைந்தது, கூழ்த்தன்மை போகவில்லை. உணவுதான் காரணம் என்றால் உணவை மாற்றியதும் சரியாகிவிடும். காரணம் வேறாக இருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த உணவானாலும் அது அறிகுறியை மூடி வைக்குமே தவிர நோயைத் தொடாது.

இரண்டாவது வழி, வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த தனியார் மருத்துவமனை. அங்கே காத்திருக்க வேண்டியதில்லை, மாலை எட்டு மணிக்கும் பார்ப்பார்கள், மருத்துவர் குட்டியைக் கையாண்ட விதத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. முதல் தடவை பைரான்டெலும் பிராசிகுவான்டெலும் சேர்ந்த புழு மாத்திரை. இரண்டாம் தடவை மெட்ரோனிடசோல் சிரப்பும் குடல் நுண்ணுயிர்ப் பொடியும். மூன்றாம் தடவை வேறொரு ஆன்டிபயாடிக் ஊசி. மூன்று வருகைக்கும் சேர்த்து 2,050 ரூபாய் ஆயிற்று. மெட்ரோனிடசோல் கடும் கசப்பு; ஒவ்வொரு வேளையும் மிளகு வாயெல்லாம் நுரை தள்ளி, துண்டுக்குள் சுருட்டிப் பிடித்திருந்த என் கையைக் கீறிவிட்டு, பீரோவுக்கு அடியில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துகொள்ளும். மருந்து கொடுத்த நாள்களில் மலம் பாதி தேறும். நிறுத்திய மூன்றாம் நாள் மறுபடியும் கூழ். அந்த மூன்று வருகைகளில் ஒரு முறைகூட மலத்தைக் கொண்டு வரச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில்தான் ஒப்பீடே முடிவாகிறது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். குட்டிப் பூனையின் நாள்பட்ட கழிச்சலுக்குக் குடலில் வாழும் ஒட்டுண்ணிகள் அடிக்கடி காரணமாகின்றன. அவை ஒன்றல்ல, அவற்றுக்கான மருந்தும் ஒன்றல்ல. உருண்டைப் புழுவுக்குப் பைரான்டெல் போதும். நாடாப் புழுவுக்குப் பிராசிகுவான்டெல் வேண்டும். ஜியார்டியா என்ற ஒற்றைச்செல் உயிரிக்கு இவை இரண்டும் பயன்படுவதில்லை, பென்பெண்டசோலோ மெட்ரோனிடசோலோ தேவை. காக்சிடியா என்ற இன்னொரு ஒற்றைச்செல் உயிரிக்கு மேலே சொன்ன எதுவுமே பயன்படுவதில்லை. சல்ஃபா வகை மருந்தோ டோல்ட்ராசுரிலோதான் தர வேண்டும். ஆகவே, "புழு மருந்து கொடுத்தாயிற்றே" என்று நாம் ஆறுதலடையும்போது, அந்தக் குட்டியின் குடலில் இருப்பது அந்த மருந்து எட்டாத ஒன்றாக இருக்கலாம். ஊகத்தில் மருந்து கொடுப்பவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் இந்தப் பட்டியலில் ஒவ்வொன்றாகத்தான் தட்டிப் பார்க்க முடியும், ஒவ்வொரு தட்டலுக்கும் நாம் 600, 700 என்று கொடுத்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. ஒரு துளி மலத்தை நுண்ணோக்கியின் அடியில் வைத்தால் பல நேரம் பத்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிடுகிறது. வீட்டிலிருக்கும் மனிதர்களுக்கான அல்பெண்டசோல் மாத்திரையை உடைத்துக் கொடுக்கலாமா என்று என்னிடம் இரண்டு பேர் கேட்டார்கள். அது பூனையின் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடியது, கொடுக்கவே கூடாது.

மூன்றாவது வழிக்கு நான் போனது வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு. 1903 முதல் இயங்கிவரும் அரசுக் கல்லூரி அது. மாணவர்கள் பயிலும் இடம் என்பதால் பரிசோதனைக்கூடமும் அங்கேயே இருக்கிறது. போவதற்கு முன் செய்த ஏற்பாடுதான் முக்கியம். காலை ஐந்தரை மணிக்கு மிளகு மணல் தட்டில் இருந்துவிட்டு மூடப் பார்த்த உடனே, ஐஸ்கிரீம் குச்சியால் மணல் ஒட்டாத மேல்பகுதியை மட்டும் வழித்து, கழுவிக் காய வைத்திருந்த மாத்திரை டப்பாவில் போட்டு மூடினேன். முந்தைய இரண்டு நாள் மலத்தையும் இப்படியே எடுத்து, இரண்டு உறை போட்டுக் குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் வைத்திருந்தேன். அம்மாவைச் சம்மதிக்க வைக்க ஒரு நாள் முழுவதும் ஆயிற்று. மூன்று நாள் மலம் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு: ஜியார்டியா தினமும் வெளிப்படுவதில்லை, ஒரு நாள் மலத்தில் இல்லாதது மறுநாள் மலத்தில் தென்படலாம். ஆறிப்போன மலத்தில் ஜியார்டியாவின் நகரும் வடிவங்கள் செத்துவிடும், புழுக்களின் முட்டைகளும், ஒற்றைச்செல் உயிரிகள் உறைக்குள் அடங்கியிருக்கும் கூடுகளும் குளிரில் தாங்கும். ஆகவே அன்றைய மலம் முடிந்தவரை சீக்கிரமாகப் போய்ச் சேர்வதும் அவசியம்.

பரிசோதனைக்கூடத்தில் இருந்த இளம் மருத்துவர் என் டப்பாக்களைப் பார்த்ததுமே, "மூணு நாளா? நல்லதும்மா, பெரும்பாலும் யாரும் கொண்டு வர்றதில்லை" என்றார். சற்று நேரம் கழித்து என்னையே கூப்பிட்டு, நுண்ணோக்கியின் குழாயில் கண் வைத்துப் பார்க்கச் சொன்னார். வெளிர்ந்த வட்டத்துக்குள், கண்ணாடிபோல மெல்லிய உறையுள்ள முட்டை வடிவங்கள் சில, ஒவ்வொன்றின் நடுவிலும் மங்கலான ஓர் உருண்டை. காக்சிடியா. ஐந்து வாரமாக நான் கொடுத்த மருந்துகள் எதுவும் தொடாத ஒன்று. மிளகின் எடைக்குக் கணக்கிட்டு டோல்ட்ராசுரிலைச் சில துளிகளாக ஊசியில்லாத சிரிஞ்சில் வாயோரம் விட்டார்கள், பத்து நாள் கழித்து மறுபடி மலத்தோடு வரச் சொன்னார்கள். ஆட்டோ கட்டணம் நீங்கலாக அன்றைய மொத்தச் செலவு 300 ரூபாயைத் தாண்டவில்லை.

அரசு மருத்துவமனைக்குப் போவதில் பணம் மிச்சம், பொழுது மிச்சமில்லை. காலை ஏழரைக்குக் கிளம்பிய நான் வீடு திரும்ப மதியம் ஒன்றரை ஆனது. நாள் கூலிக்கு வேலை செய்பவருக்கு அந்த அரை நாளின் இழப்பையும் செலவில்தான் சேர்க்க வேண்டும். இன்னொரு கவலை அதைவிடப் பெரியது. தடுப்பூசி முடியாத குட்டியை நோயுற்ற நாய்களும் பூனைகளும் நிறைந்த கூடத்துக்குக் கொண்டு போகிறோம். மூடிய கூடையை விட்டு வெளியே எடுக்காமலும், கூடையைத் தரையில் வைக்காமல் மடியிலேயே வைத்தும் சமாளித்தேன். குட்டி நன்றாக விளையாடிக்கொண்டிருந்தால், முதல் தடவை மலத்தை மட்டும் கொண்டு போய்ப் பரிசோதிக்க முடியுமா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஆகவே இது அரசு, தனியார் என்ற போட்டி அல்ல என்பதே என் கருத்து. நுண்ணோக்கி வைத்திருக்கிற, மலம் கொண்டு வரச் சொல்கிற தனியார் மருத்துவர் பக்கத்தில் இருந்தால், கட்டணம் கூடுதலானாலும் அவரிடமே போகலாம். அரை நாள் கூலியும் ஆட்டோ காசும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறையச் சமமாகிவிடும். தொலைபேசியில் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், "மலப் பரிசோதனை அங்கேயே செய்வீர்களா, எத்தனை மணிக்குள் கொண்டு வர வேண்டும்?" என்று கேட்டுவிடுங்கள்.

பரிசோதனையால் இன்னொரு நன்மையும் கிடைத்தது, அது நான் எதிர்பாராதது: எப்படிச் சுத்தம் செய்வது என்று தெரிந்தது. காக்சிடியாவின் கூடு மலத்தோடு வெளியே வந்த உடனே தொற்றாது. வெப்பமும் ஈரமும் இருந்தால் நம் ஊரில் ஒரு நாளுக்குள் முதிர்ந்து தொற்றும் நிலைக்கு வரும். மலத்தை அவ்வப்போதே எடுத்துவிட்டால், குட்டி தன் காலை நக்கித் தன்னையே மறுபடி தொற்ற வைத்துக்கொள்ளும் சுழற்சி அறுந்துவிடுகிறது. சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு அந்தக் கூடு எளிதில் அழிவதில்லை, கொதிநீருக்கு அழியும். பினாயிலோ பூனைக்கே நஞ்சு. அதை மிதித்துக் காலை நக்கினாலே போதும். நான் விலை கூடிய பூனை மணலை நிறுத்திவிட்டு, பழைய செய்தித்தாளைக் கிழித்துத் தட்டில் போட்டு, தினமும் இரண்டு முறை முழுவதையும் கொட்டித் தட்டில் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காய வைத்தேன். இதற்கு ஆன செலவு எரிவாயு மட்டுமே. குட்டிகளுக்குக் கழிச்சல் தரும் இந்த வகைக் காக்சிடியா மனிதருக்கு வராது, உருண்டைப் புழு வரும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கை கழுவுவதில் தளர்ச்சி கூடாது.

எனக்குக் கிடைத்த பதில் நுண்ணோக்கியில் எளிதாகத் தெரியக்கூடிய பதில் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று முறை பார்த்தும் எதுவும் தென்படாத குட்டிகளும் உண்டு. டிரைட்ரைக்கோமோனாஸ் என்ற உயிரி சாதாரணப் பரிசோதனையில் தப்பிவிடுவது வழக்கம், அதற்கு மரபணுப் பரிசோதனை தேவைப்படும். அந்த நிலையில் உணவை மாற்றிப் பார்க்கும் முதல் வழிக்கே திரும்ப வேண்டியிருக்கலாம். அதில் என் அனுபவம் ஒரு பொட்டலத்தோடு நின்றுவிட்டது, அதை வைத்து நான் யாருக்கும் அறிவுரை சொல்ல மாட்டேன். குடல் நுண்ணுயிர்ப் பொடி பயன்பட்டதா என்று கேட்டாலும் அப்படித்தான்: கெடுதல் செய்யவில்லை, மருந்தோடு சேர்ந்து கொடுத்ததால் தனியே அதன் பலனைப் பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

மருந்து கொடுத்த ஐந்தாம் நாள் காலை, தட்டில் முதன்முறையாக உருண்டு கெட்டியான மலம் கிடந்தது. பத்தாம் நாள் பரிசோதனையில் இன்னும் ஓரிரு கூடுகள் தெரிந்ததால் இரண்டாவது தடவையும் மருந்து விட்டார்கள். அதற்கடுத்த பரிசோதனையில் எதுவும் இல்லை. ஆரோக்கியமான குட்டி வாரத்துக்குச் சுமார் 100 கிராம் ஏறும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஐந்து வாரத்தில் 610லிருந்து 690க்கு வந்திருந்த மிளகு, அடுத்த நான்கு வாரத்தில் 1,180 கிராமுக்கு ஏறியது. தடுப்பூசியின் முதல் தவணையை அந்த வாரம்தான் போட்டோம்.