லீதல், ஃபேட்டல், டெட்லி: பையடக்க அகராதி போதுமா?

மதுரையில் குன்னத்தூர் சத்திரத்துப் புத்தகக் கடைகளிலும் தமுக்கம் புத்தகத் திருவிழாவிலும் ஆங்கிலம்–தமிழ் பையடக்க அகராதிகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்குவதற்கு முன் கடையிலேயே நின்று மூன்று சொற்களைப் புரட்டிப் பாருங்கள்: லீதல் (lethal), ஃபேட்டல் (fatal), டெட்லி (deadly). மூன்றுக்கும் 'கொடிய, உயிருக்கு ஆபத்தான' என்றே போட்டிருந்தால், அந்த அகராதி பொருட்களின் பெயர் தெரிந்துகொள்ள உதவும். நர்சிங், சட்டம் படிப்பவர்களுக்கும் செய்தி எழுதுபவர்களுக்கும் அது போதாது.

அந்த அர்த்தத்தை நம்பி எழுதினால் இப்படி ஒரு செய்தி வரும்: 'மாட்டுத்தாவணி அருகே ஃபேட்டல் ஆக்சிடென்ட், காயமடைந்த ஒரே நபர் ராஜாஜி மருத்துவமனையில் தேறி வருகிறார்.' ஃபேட்டல் என்றால் உயிர் போய்விட்டது என்று பொருள். ஆள் பிழைத்திருந்தால் விபத்து 'சீரியஸ்', காயம் 'லைஃப் த்ரெட்டனிங்'. 'ஃபேட்டலி இஞ்சர்ட்' என்று எழுதினாலும் அந்தக் காயத்தால் இறந்தார் என்றே ஆகும். வீட்டார் படிக்கும் செய்தியில் இது சின்னப் பிழை அல்ல.

ஆங்கிலம்–ஆங்கில அகராதியான ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி இந்த மூன்றையும் பிரித்துக் காட்டுகிறது. ஃபேட்டல்: சாவை உண்டாக்கிய, சாவில் முடிகிற. லீதல்: சாவை உண்டாக்குகிற, உண்டாக்கும் திறனுள்ள. டெட்லி: சாவை உண்டாக்குகிற, உண்டாக்க வாய்ப்புள்ள. முடிவு, திறன், வாய்ப்பு என்று மனதில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான இடங்களில் தடுமாற மாட்டீர்கள்.

திறன் என்பதால்தான் லீதலை அளக்க முடிகிறது. பூச்சிமருந்துக் கடைக்குப் போனால் புரியும். டப்பாவில் உள்ள வண்ண முக்கோணம் எல்.டி. 50 கணக்கில் வருவது. எல் என்பது லீதல், டி என்பது டோஸ். சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு அது. வாய்வழியாக, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 50 மில்லிகிராமே போதும் என்றால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5000 வரை நீலம். அதற்கு மேல் பச்சை. மூடி திறக்காத டப்பாவில் இருக்கும்போதும் மருந்து லீதல்தான்; ஒருவர் குடித்து இறந்தால் அந்த டோஸ் ஃபேட்டல். 'மோர் லீதல்' சரி, 'வெரி ஃபேட்டல் ஆக்சிடென்ட்' தவறு. சாவில் கூடுதல் குறைவு கிடையாது.

டெட்லி 'லி'யில் முடிந்தாலும் பெரும்பாலும் பெயரடைதான்: டெட்லி ஸ்நேக், டெட்லி டிசீஸ். சட்டத்தில் 'டெட்லி வெப்பன்' நிலைத்த தொடர். குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 189(4) பிரிவு அதையே சொல்கிறது; மனு எழுதும்போது அழகுக்காக லீதல் என்று மாற்றாதீர்கள். டெத்லி (deathly) வேறு சொல்: பிணம்போல் வெளிறிய முகம் 'டெத்லி பேல்'.

ஆக்ஸ்ஃபோர்டில் எங்களுக்கு மிகவும் பிடித்தது உச்சரிப்புக் குறி. வகுப்புகளில் 'லெத்தல்' என்றே கேட்கிறது. முதல் அசை நெடில், லீ. ஃபேட்டலும் 'ஃபட்டல்' அல்ல. இணையப் பதிப்பில் இலவசமாக ஒலியையே கேட்கலாம். யாருக்கு என்று சொல்ல லீதல், ஃபேட்டல் இரண்டுக்கும் பின்னால் 'டு' போடலாம்; 'ஃபார்' போடுவதும் உண்டு. இதை எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

குறை ஒன்று உண்டு. அதில் தமிழ் இல்லை. விளக்கங்கள் பெரும்பாலும் 3000 அடிப்படைச் சொற்களுக்குள் எழுதப்பட்டவை என்றாலும், பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவருக்கு முதல் மாதம் திணறும். அவர்கள் பையடக்க அகராதியையும் வைத்துக்கொள்ளட்டும். ஃபேட்டலுக்கு எதிரே 'ஆபத்தான' என்பதை அடித்துவிட்டு, 'உயிர் போன' என்று பென்சிலால் எழுதிக்கொள்ளட்டும்.