பிளைட் சிம்முக்கெண்டே கட்டின கொம்பியூட்டர், ஒரு வருசத்துக்கு மேல பாவிச்சுப் பாத்ததில

2024 ஜூலைல கொழும்பு பம்பலப்பிட்டியில கொம்பியூட்டர் கடைகள் இருக்கிற யூனிட்டி பிளாசாவுக்கு மூண்டு சனிக்கிழமை ஏறி இறங்கிக் கட்டின மெசின் இது. வீட்டில பிளைட் சிம், அதாவது கொம்பியூட்டர்ல விமானம் ஓட்டிப் பாக்கிற புரோகிராம், ஓட்ட மட்டும்தான் கட்டினது, அதால அதுக்கு எது உதவிச்சு எது உதவேல்ல எண்டத மட்டும் எழுதுறன். சிபியூ எண்ட மூளைச் சிப் ரைசன் 7 7800எக்ஸ்3டி, எல்லாத்தையும் பூட்டுற போர்ட் பி650, ராம் டிடிஆர்5 32 ஜிபி, படம் வரையிற கார்ட் ஆர்டிஎக்ஸ் 4070 சுப்பர், டிஸ்க் 2 டிபி என்விஎம்ஈ, 750 வாட் கோல்ட் பவர் சப்ளை. மொனிட்டரும், கரண்ட் போனா கொஞ்ச நேரம் தாங்குற யூபிஎஸ்சும் சேக்காம ஆறு லட்சம் ரூபா தாண்டிச்சு, 18 வீத வற் வரியும் அதுக்குள்ள அடக்கம். சின்னக் காசில்ல, அதாலதான் இவ்வளவு நீட்டி எழுதுறன், நான் முதல் செய்த பிழையை வேற ஆரும் செய்யக்கூடாது.

ஏன் சிம் எண்டு கேக்கிற ஆக்களுக்கு. எங்கட அம்மா யாழ்ப்பாணத்தில பலாலிக்குப் பக்கத்து வசாவிளான். 1990ல போரால வலிகாமம் வடக்கால எழும்பின சனத்தோட எழும்பி, கடைசியா வெள்ளவத்தையில வந்து நிண்டவா. பலாலி ஓடுபாதைக்குப் பக்கத்துக் காணிகளை மேல இருந்து பாக்கோணும் எண்டு அவவுக்குச் சரியான ஆசை. மைக்ரோசொப்ட் பிளைட் சிமுலேட்டர்ல பிங் சற்றலைட் படத்தை வச்சுத்தான் நிலம் வருது, அதால வீடுகள், மரங்கள் அச்சொட்டா இருக்காது, ஆனா ரோட்டு, செம்மண் தோட்டத் துண்டுகள், மயிலிட்டிக் கடற்கரை எல்லாம் கிடக்கிற இடத்தில கிடக்கும். கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானையில ஏடிஆர் விமானத்தை எழுப்பி முன்னூறு கிலோமீட்டர் சொச்சம் வடக்க போய் பலாலியில இறக்குறன், அவ பக்கத்தில கதிரையைப் போட்டு இருந்து பாப்பா. இறங்குறதுக்கு உயரம் குறைச்சுக் கொண்டு போகேக்க படம் விக்கி விக்கி ஓடினா அதோட எல்லாம் போச்சு, அவ பாக்க வந்த இடமே அதுதானே.

பழைய மெசின் ஐ5 9400எப், 16 ஜிபி ராம், 1660 சுப்பர் கார்ட். 2020 ஆகஸ்ட்ல சிம் வந்த புதுசில ஓடிச்சு, ஆனா எயார்போர்ட் கிட்ட போனா 22, 23 எப்பிஎஸ், அதாவது செக்கனுக்கு அத்தினை படம்தான். ஒரு கடையில போய்க் கேக்க, "கார்டை மாத்துங்கோ, வேற ஒண்டும் தேவையில்ல" எண்டு சொல்லி 3060 டிஐ ஒண்டைத் தந்தாங்க. நம்பி வாங்கினன். வானத்தில மேல பறக்கேக்க நல்ல முன்னேற்றம், பொய் சொல்லேல்ல, ஆனா லண்டன் ஹீத்ரோவில கொண்டு போய் நிப்பாட்டினா அதே 23. காசு குடுத்து கார்ட் மாத்தி ஒரு எப்பிஎஸ் கூட ஏறேல்ல. திருப்பிப் போய்ச் சொன்னா, மொனிட்டர் பிழை, கேபிள் பிழை, விண்டோஸ் திருப்பிப் போடுங்கோ எண்டு ஒவ்வொரு கதை. உங்கட சிபியூதான் காணாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. எனக்கு இப்பவும் அதில கோவம் இருக்கு.

உண்மை தெரிய வந்தது சிம்முக்குள்ளயே இருக்கிற ஒரு வசதியால. செட்டிங்ல போய் டெவலப்பர் மோட் ஒன் பண்ணினா மேல ஒரு மெனு வரும், அதில எப்பிஎஸ்ஸைக் காட்டச் சொன்னா மூலையில ஒரு சின்னப் பெட்டி வந்து, எது பிடிச்சு இழுக்குது எண்டு எழுத்திலயே சொல்லும், ஜிபியூ எண்டு வந்தா கார்ட், மெயின் த்ரெட், அதாவது சிபியூ ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வரிசையில செய்யிற முக்கிய வேலை, எண்டு வந்தா சிபியூ. எனக்கு எந்த எயார்போர்ட்டில பாத்தாலும் மெயின் த்ரெட். அண்டைக்கு ராத்திரி 2 மணி வரைக்கும் இருந்து ஒவ்வொரு செட்டிங்கா குறைச்சுப் பாத்தன், கார்டுக்கு வேலை குறைக்கிற செட்டிங் எதைக் குறைச்சும் அசையேல்ல, டெரெய்ன் லெவல் ஒப் டீட்டெய்லையும் ட்ராபிக்கையும் குறைச்ச உடனதான் ஏறிச்சு, அது ரெண்டும் சிபியூட தலையில விழுற வேலை.

இத விளங்கப்படுத்த எங்கட ரோட்டில பின்னேரம் அப்பம் சுடுற அண்ணையைத்தான் எல்லாருக்கும் உதாரணம் காட்டுறனான். எட்டு அடுப்பு எரியும், எட்டிலயும் சட்டி இருக்கும், ஆனா மா ஊத்துற கை ஒண்டுதான். அடுப்பைப் பதினாறாக் கூட்டினாலும் கை ஒண்டெண்டா அப்பம் கூட வராது. சிம்மும் அப்பிடித்தான், அடுப்பெண்டது சிபியூட கோர், கை அந்த மெயின் த்ரெட், விமானத்தின்ட சிஸ்டம், ட்ராபிக், நிலத்தைக் கட்டுறது எண்டு கன வேலை அந்த ஒரு த்ரெட்டில வந்து குவியுது. இனி அந்த அண்ணை ஒவ்வொரு அகப்பை மாவுக்கும் குசினிக்குள்ள போய் வாறார் எண்டு வைங்கோ, எவ்வளவு கெதியான கையா இருந்தாலும் என்ன பிரயோசனம். மா வாளியைக் காலடியில வச்சா முடிஞ்சுது. அந்த வாளிதான் கேஷ், சிபியூக்குள்ளயே இருக்கிற சின்ன மெமரி, குசினி எண்டது ராம். என்ட பழைய 9400எப்ல கேஷ் 9 எம்பி. சாதாரண 7700எக்ஸ்ல 32 எம்பி. 7800எக்ஸ்3டில 64 எம்பியை மேலதிகமா சிப்புக்கு மேலயே அடுக்கி 96 எம்பி ஆக்கியிருக்கிறாங்க. கோர் எட்டுத்தான், கிளாக் வேகம் 7700எக்ஸ விடக் குறைவு, ஆனா சிம்மில இதுதான் முந்தும்.

இந்த விசயம் தெரிஞ்ச பிறகுதான் யூனிட்டி பிளாசா ஏறினது. கீழ இருக்கிற பெரிய கடைகள்ல லைட் எரியிற கேஸையும் பெரிய கார்டையும்தான் முன்னுக்குக் காட்டுவாங்க, மேல ஒரு சின்னக் கடையில ஹட்டன் பக்கத்துப் பொடியன் ஒருத்தன் இருந்தவன், அவன் கேட்ட முதல் கேள்வியே "எதுக்குண்ணே எடுக்கிறீங்க, கேமுக்கா எடிட்டிங்குக்கா, மொனிட்டர் என்ன சைஸ்?" சிம் எண்டு சொன்ன உடன 4080 கார்ட் எல்லாம் தேவையில்லண்ணே, எக்ஸ்3டி சிபியூ எடுங்க, மிச்சக் காசுக்கு நல்ல பவர் சப்ளை போடுங்க எண்டான். ஸ்டொக் இல்லாத சாமானை இருக்கு எண்டு சொல்லி வேற ஒண்டைத் தலையில கட்டேல்ல, போர்ட்டுக்கு ஒரு கிழமை இருக்கச் சொன்னான், இருந்தன். ஒவ்வொரு பெட்டியையும் எனக்கு முன்னால உடைச்சு சீரியல் நம்பர் பில்லில எழுதினான். பில்லை வடிவா வாசிச்சுப் பாருங்கோ எல்லாரும், ஒரு வருச வொரண்டி எண்டா கன கடையில 350 நாள் எண்டு சின்ன எழுத்தில இருக்கும், எரிஞ்ச அடையாளம் இருந்தாலும் துரு இருந்தாலும் வொரண்டி இல்ல எண்டும் இருக்கும். துருக் கதைக்குப் பிறகு வாறன்.

குறையெண்டா ஒண்டு. ராம் 6000 சிஎல்30 கிட் எடுத்தன், கட்டித் தந்தவங்க போர்ட்டின்ட பயோஸ் செட்டிங்ல, ராமை அதின்ட முழு வேகத்தில ஓட்டுற எக்ஸ்போவை ஒன் பண்ணேல்ல, வீட்ட வந்து பாத்தா 4800ல ஓடிக்கொண்டிருக்கு. நானே மாத்தினன். எக்ஸ்போ போட்டுட்டு முதல்தரம் ஒன் பண்ணேக்க கன நேரம் கறுப்புத் திரைதான் வரும், அது மெமரியைப் பழக்குது, பயந்து சுவிச்சை நிப்பாட்டாதேங்கோ. ரெண்டு குச்சியா எடுங்கோ, நாலு குச்சி போட்டா இந்த போர்ட்டுகள்ல வேகம் இறங்கும்.

இப்ப பலன். அதே ஹீத்ரோ, அதே பெனிக்ஸ் ஏ320 விமானம், 1440பி மொனிட்டர், பழசில 23 இருந்த இடத்தில 48, 50. பலாலிப் பக்கம் அதைவிட நல்லா ஏறி நிக்கும், ஏனெண்டா அங்க கட்டடம் குறைவு. கூடின எப்பிஎஸ்ஸை விட எனக்குப் பெரிய விசயம் விக்கல் இல்லாதது, எயார்போர்ட்டைச் சுத்தித் தலையைத் திருப்பிப் பாக்கேக்க முந்தி ஒவ்வொருக்காலும் அரைச் செக்கன் நிண்டு நிண்டு வரும், அது முழுசா இல்லாமப் போச்சு. இடையில வாற படங்களைக் கார்டே உண்டாக்குற பிரேம் ஜெனரேஷன் போட்டா இலக்கம் இன்னும் ஏறும், மெதுவாப் பறக்கிற பயணிகள் விமானத்துக்கு அது நல்லாத்தான் இருக்கு, ஆனா சின்னப் படத்தைப் பெரிசாக்கிக் காட்டுற டிஎல்எஸ்எஸ்ஸோட கொக்பிட் திரையில ஓடுற இலக்கங்கள் இழுபட்டுத் தெரியிறது எனக்குப் பிடிக்கேல்ல, நான் அப்பிடிப் பெரிசாக்காத டிஏஏ முறையிலதான் ஓட்டுறன்.

கார்ட் பற்றி. 4070 சுப்பர்ல கார்டின்ட சொந்த மெமரி 12 ஜிபி. 2020 சிம்முக்குத் தாராளம். 2024 நவம்பர்ல புது சிம் வந்த பிறகு அது இறுக்கமா இருக்கு, பெரிய எயார்போர்ட்டும் நல்ல விமானமும் சேந்தா நிரம்பீடும், நிரம்பினா எப்பிஎஸ் பொத்தெண்டு விழும், மேற்பரப்புப் படங்களின்ட தரம், டெக்ஸ்சர், அதை ஒரு படி குறைச்சா சரி. அந்த நேரமே கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு 4070 டிஐ சுப்பர், இல்லாட்டி ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி எண்டு 16 ஜிபி உள்ளதா எடுத்திருக்கோணும். 4கே மொனிட்டர் ஆசை இருக்கிற ஆக்கள் இத ரெண்டு தரம் யோசியுங்கோ, 1440பில 37 லட்சம் பிக்சல், 4கேல 83 லட்சம்.

சூடு, உப்புக் காத்து, இது ரெண்டும் வெளிநாட்டு ரிவியூவில வராத விசயம். எங்கட பிளாட் கடலுக்கு ரெண்டு ஒழுங்கை தள்ளி, அறையில ஏசி இல்ல. ஐ9 14900கே எண்டு ஒரு நண்பர் சொன்னவர், அது முழு மூச்சில 253 வாட் வரைக்கும் போகும், அந்தச் சூடு முழுக்க இந்த அறைக்குள்ளதானே வரோணும். 7800எக்ஸ்3டிட கணக்கு 120 வாட், சிம் ஓடேக்க அதுவும் வராது. ரெண்டு பேன் உள்ள டவர் எயார் கூலர் போட்டிருக்கிறன், ஏப்ரல் வெயிலுக்கும் 75 டிகிரி தாண்டேல்ல, இந்தச் சிப்பின்ட எல்லை 89. தண்ணிக் கூலர் தேவையே இல்ல. துரு எண்டனே, பழைய மெசினை யன்னலோட வச்சு பின்பக்க யூஎஸ்பி எல்லாம் பழுப்பு நிறமாகி, கார்டைப் பூட்டுற ஆணியும் கழட்ட ஏலாமப் போச்சு. இப்ப உள்சுவர்ப் பக்கம் வச்சிருக்கிறன், பாவிக்காத ஓட்டைக்கெல்லாம் ரப்பர் மூடி, மாசத்துக்கு ஒருக்கா தூசி வலையைக் கழட்டித் துடைக்கிறன். வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசைப் பக்கம் இருக்கிற ஆக்கள் இத விளையாட்டா எடுக்காதேங்கோ.

யூபிஎஸ்ஸுக்கும் காசு ஒதுக்குங்கோ. 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்த ஆக்கள் நாங்கள், இப்ப அப்பிடி இல்லாட்டியும் போய் வாறது நிக்கேல்ல. பிளாட்டில ஜெனரேட்டர் இருக்கு, ஆனா அது பிடிக்க கொஞ்ச நேரம் எடுக்கும், அந்த இடைவெளியைத்தான் யூபிஎஸ் தாங்கோணும். பழைய 650 விஏ ஒண்டு இருந்தது, அது 400 வாட்டுக்குள்ளதான் தரும், கார்ட் மட்டுமே 220 வாட், மொனிட்டரும் சேர அது தாங்கேல்ல, கரண்ட் போன உடன அதுவும் சேந்து போச்சு, நடுவானத்தில எல்லாம் அணைஞ்சுது. 1500 விஏ எடுத்த பிறகு பிரச்சினை இல்ல. வாங்கேக்க சைன் வேவா, அதாவது வீட்டுக் கரண்ட் மாதிரி சீரான அலையா, எண்டு கேளுங்கோ, நல்ல பவர் சப்ளைகள் சில நேரம் மலிவு யூபிஎஸ்சின்ட கரண்டை ஏத்துக்கொள்ளாம அணைஞ்சு போகும்.

போர்ட் எடுக்கேக்க பின்பக்கம் எத்தினை யூஎஸ்பி எண்டு எண்ணுங்கோ. ஸ்டிக், த்ரொட்டில், பெடல், ஹெட்செட், கீபோர்ட், மவுஸ், வெப்காம் எண்டு சிம்காரருக்கு எட்டும் காணாது. த்ரஸ்ட்மாஸ்டர் ஏர்பஸ் ஸ்டிக் வச்சிருக்கிறன், இறங்குற நேரம் திடீரெண்டு அது செத்துப்போற மாதிரி ரெண்டு தரம் நடந்தது, பாத்தா கரண்ட் மிச்சம் பிடிக்க யூஎஸ்பியை நித்திரையாக்குற செட்டிங், டிவைஸ் மேனேஜர்ல அந்த டிக்கை எடுத்த பிறகு இன்னும் ஒருக்காலும் வரேல்ல.

இன்டர்நெட் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விசயம், புது சிம் நிலத்தை ஓடேக்க ஓடேக்கத்தான் இறக்கும், மாசக் கணக்கில ஜிபி எண்ணித் தாற பேக்கேஜ்காரர், இறக்கின நிலத்தை டிஸ்க்கில சேத்து வைக்கிற ரோலிங் கேஷைப் பெரிசாக்கி வைங்கோ, ஒரே இடத்தைத் திருப்பித் திருப்பிப் பறக்கிற எனக்கு அது நல்லா மிச்சம் பிடிக்குது. டிஸ்க் 2 டிபி சரி, ஆனா விலை கூடின வேகமான டிஸ்க் எப்பிஎஸ்ஸைக் கூட்டாது, லோடிங் நேரம்தான் குறையும்.

இப்ப புதுசா கட்டுற ஆக்கள் 9800எக்ஸ்3டி பாருங்கோ, 2024 நவம்பர்ல வந்தது, கேஷைக் கோருக்குக் கீழ வச்சதால சூடு இன்னும் நல்லா இறங்கும், வேகமும் கூட. என்ட போர்ட்டில பயோஸ் அப்டேட் பண்ணிட்டு அப்பிடியே அதப் பூட்டலாம், சிப்பைப் பூட்டுற இந்த ஏஎம்5 சொக்கெட் 2027 வரைக்கும் அதுக்கு அங்காலயும் எண்டு ஏஎம்டி சொல்லியிருக்கு. காசு மட்டு எண்டா, அதுக்கு முந்தின ஏஎம்4 சொக்கெட் போர்ட் ஏற்கனவே வீட்டில கிடந்தா, 5800எக்ஸ்3டி எங்கயாவது நல்ல நிலைமையில கிடைச்சா அதுவும் 96 எம்பிதான், ராமும் போர்ட்டும் மாத்தத் தேவையில்ல. கடைக்குப் போக முதல் உங்கட பாரமான எயார்போர்ட்டில டெவலப்பர் மோட் போட்டு அந்தப் பெட்டியைப் போன்ல படம் எடுத்துக்கொண்டு போங்கோ, ஜிபியூ எண்டு இருந்தா கார்டை மாத்துங்கோ, மெயின் த்ரெட் எண்டு இருந்தா கார்ட் கதைக்கிறவங்களுக்கு அந்தப் படத்தைக் காட்டுங்கோ.

நான் இப்போதைக்கு ஒண்டும் மாத்தேல்ல. போன ஞாயிறும் பலாலியில இறங்கினனாங்கள், கடல் பக்கத்தால தாழ்வா வரேக்க அம்மா கையை நீட்டி தன்ட ஊர்ச் சந்தியைக் காட்டினவா, படம் ஒரு இடத்திலயும் நிக்கேல்ல.